கிழக்கே நூறு கி.மீ.யில் ஒரு தேசியப் பூங்கா

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் தென்மாவட்டத்து வேன்களெல்லாம் மலைப்பக்கம் திரும்பிவிடுகின்றன. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். அதன் பிறகும் நெரிசல் குறையாததால் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. மலையைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்பதால் வந்த கட்டுப்பாடு இது, தேவையானதும்கூட. ஆனால், பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது காட்டையும் உயிரினங்களையும் காட்டிவிட வேண்டும் என்று காசு சேர்த்துவைத்திருக்கும் குடும்பங்கள் இனி எங்கே போவது என்பதை யாரும் பேசவில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு இந்தக் கேள்விக்கான பதில் கிழக்கே இருக்கிறது. வீரசோழனிலிருந்து அபிராமம், பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம் போய்ச் சேர ஏறத்தாழ நூறு கி.மீ. தூரம். அந்தக் கரைக்கு எதிரே கடலுக்குள் கிடக்கிறது மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை ஆகியவற்றோடு சேர்த்துத் தமிழ்நாட்டில் உள்ள ஐந்து தேசியப் பூங்காக்களில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான். தேசியப் பூங்கா என்றதும் யானையும் புலியும் நினைவுக்கு வருவதால், கடலுக்குள் இருக்கும் ஒன்றை நாம் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

வேன் பேசும்போது

வீரசோழன் சந்தையில் ஆடு விற்ற காசு கைமாறுவதைப் பார்த்தால் இந்த வட்டாரத்தின் பொருளாதாரம் விளங்கிவிடும். மழை பெய்தால் கம்பு, சோளம், மல்லி, மிளகாய், பருத்தி. பொய்த்தால் ஆடும், நூறு நாள் வேலையும், வெளியூர்க் கடைகளிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணமும்தான். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீடுகள் குறைவு. அதனால் இங்கே சுற்றுலா என்பது அண்ணன் வீடு, அக்கா வீடு, மச்சான் வீடு என்று இரண்டு மூன்று குடும்பம் கூடி, வேன் பேசி, தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு போகிற காரியம்.

அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வேன் லிட்டருக்குப் பத்து கி.மீ. ஓடும் என்றும் டீசல் விலை 92 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வீரசோழனிலிருந்து முதுமலைக்குப் போய்வர 750 கி.மீ.க்குக் குறையாது. டீசலுக்கு மட்டும் 6,900 ரூபாய். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி எல்லாம் சுற்றித் திரும்பினாலும் 300 கி.மீ.க்குள் அடங்கும்; 2,760 ரூபாய். பன்னிரண்டு பேர் போகிற வேனில் தலைக்கு 575 ரூபாய் ஆவது 230 ரூபாயில் முடிகிறது. நாள் வாடகையும் ஓட்டுநர் படியும் இரண்டுக்கும் பொது. ஆனால், மலைப் பயணத்தில் மூன்று நாளில் இரண்டு நாள் சாலையிலேயே போய்விடும் என்பதால் அந்த வாடகையில் பெரும்பகுதி பார்த்ததற்காகக் கொடுத்தது ஆகாது, உட்கார்ந்திருந்ததற்காகக் கொடுத்தது ஆகிவிடும்.

டீசலைவிடக் கையைக் கடிப்பது அறை வாடகை. தொடர் விடுமுறையில் மலை ஊர்களில் அறை வாடகை இரட்டிப்பாவது வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு பேருக்கு மூன்று அறையாவது வேண்டும். ராமநாதபுரம் அப்படியல்ல. மாவட்டத் தலைநகர் என்பதால் அலுவல் காரியமாக வருவோருக்கான நடுத்தர விடுதிகள் பேருந்து நிலையத்தைச் சுற்றியே இருக்கின்றன. ராமேசுவரத்தில் பல சமுதாயங்களின் சத்திரங்களும் மடங்களும் உண்டு. கடற்கரையிலேயே தங்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, இரவில் ராமநாதபுரத்துக்குத் திரும்பிவிடுவதுதான் என் பரிந்துரை.

வண்டி விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாடகை குறைவு என்பதற்காக வெள்ளை போர்டு வண்டியில் போகாதீர்கள். வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாத வண்டியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். அதேபோல், இரவு முழுவதும் ஓட்டி விடியற்காலையில் போய்ச் சேர்வது ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்துவது போலத் தெரியும். ஓட்டுநரின் தூக்கத்தை விற்று மிச்சப்படுத்தும் காசு அது. நூறு கி.மீ. தூரத்துக்கு அந்த அவசியமே இல்லை. விடிந்து கிளம்பினாலும் வெயில் ஏறுமுன் கடலைப் பார்த்துவிடலாம்.

தெரியாமலே போய்வருகிறோம்

வியப்பு என்னவென்றால், இந்தக் கடலுக்கு நம் மக்கள் புதியவர்களே அல்லர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேதுக்கரையிலும் மாரியூரிலும் தலைமுழுகிவிட்டு வருகிறார்கள். வீரசோழனிலிருந்தும் அபிராமத்திலிருந்தும் ஏர்வாடி தர்காவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். சந்தனக்கூடு விழா என்றால் வேன்கள் வரிசை கட்டும். அந்தக் கரைகளில் நின்று தெற்கே பார்த்தால் சில கி.மீ. தூரத்தில் கோடு போலத் தெரியும் தீவுகள்தான் தேசியப் பூங்கா. முழுகிவிட்டு, ஓதிவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். எதிரே இருப்பது என்னவென்று சொல்ல அங்கே ஆளும் இல்லை, கண்ணில் படுகிற மாதிரி பலகையும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை ஏறத்தாழ 160 கி.மீ. நீளத்துக்கு 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலையும் சேர்த்து 560 சதுர கி.மீ. பரப்பு 1986-ல் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கி.மீ. உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தீவுகளை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, அப்பா, நல்லதண்ணி என்று பெயர்களைப் படித்தாலே இவை நம் மீனவர்கள் காலங்காலமாகப் புழங்கிய இடங்கள் என்று தெரியும்.

தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள். நூற்றுக்கும் மேற்பட்ட வகை கடினப் பவளங்கள் இங்கே கணக்கெடுக்கப்பட்டுள்ளன. பவளத்துக்கும் கரைக்கும் நடுவே கடற்புல் வெளி. அதை மேய வருவதுதான் ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு. கடலாமை, கடற்குதிரை, கடல் அட்டை, சங்கு, சிங்கி இறால் என்று 3,600-க்கும் அதிகமான செடி, உயிரின வகைகள் இந்த வளைகுடாவில் பதிவாகியிருக்கின்றன. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் மீனில் எத்தனையோ இந்தப் பவளத்திலும் புல்லிலும் குஞ்சாக வளர்ந்து வெளியே போனவை. பூங்காவைக் காப்பதற்கும் நம் சட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

கடற்பசுவைப் பார்த்தே தீர வேண்டும் என்று போகிறவர் ஏமாந்துவிடுவார். அது எண்ணிக்கையில் குறைந்துபோன, கூச்ச சுபாவமுள்ள உயிரினம். காட்டுக்குப் போனால் புலி தெரிய வேண்டும் என்று அடம்பிடிப்பதும் இதுவும் ஒன்று. தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் படகின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், கீழே கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்வதும் அதனிடையே சிறு மீன்கள் நுழைந்து வெளிவருவதும் தெரியும். கரிசல் காட்டுப் பிள்ளைக்கு அது போதுமான அதிசயம்.

காற்றைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும்

இந்தப் பயணத்தில் காலண்டரைவிட முக்கியமானது காற்று. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். மன்னார் வளைகுடாவை மீனவர்கள் தென்கடல் என்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். ஒன்று கொந்தளிக்கும்போது மற்றது பெரும்பாலும் அடங்கியிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தென்கடல் குழம்பிப்போகும். தண்ணீர் கலங்கிவிடும், படகும் ஓடாது. அந்த மாதங்களில் வடகடல் கரையிலுள்ள காரங்காட்டுக்குப் போவது நல்லது. தொண்டிக்குத் தெற்கே இருக்கும் இந்த மீனவ கிராமத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு அது.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் புயலும் வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தப் பருவத்தில்தான் வந்தது. வானிலை எச்சரிக்கை இருந்தால் முன்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்தி.

எல்லாம் கூடிவருவது தை, மாசியில். இரு கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கியிருக்கும். பொங்கல் விடுமுறையும் குடியரசு தினமும் அப்போதுதான் வருகின்றன. இதே மாசியில் மலைக்காடுகளில் நிலைமை தலைகீழ். கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டிபோடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். காட்டுத்தீ அச்சத்தில் வேறு சில காட்டுப் பாதைகளும் அடைபடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விடுமுறையில் தை அமாவாசை சேர்ந்துவந்தால் ராமேசுவரத்தில் நிற்க இடம் கிடைக்காது. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் நாள் கண்மாயில்

நான் பரிந்துரைக்கும் வழி நேராகக் கடலுக்குப் போகாது. வீரசோழனிலிருந்து கமுதி வந்து முதுகுளத்தூர்ப் பக்கம் திரும்பினால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள். இரண்டும் 1989 முதல் பறவைகள் சரணாலயங்கள். உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இரண்டும் இடம்பெற்றது 2022-ல் அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவும் அதே ஆண்டு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நம் ஊர்க் கண்மாய் போலவே கரை, மடை, கலுங்கு, நடுவே நாட்டுக்கருவேல மரங்கள். அந்த முள் மரங்களின் மேல்தான் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டுகின்றன.

சங்குவளை நாரை இரை தேடுவதைப் பொறுமையாக நின்று பார்க்க வேண்டும். அலகை அரைவாசி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே நடக்கும். கண்ணால் தேடுவதில்லை. கலங்கல் தண்ணீரில் மீன் அலகில் பட்ட கணத்தில் மூடிக்கொள்ளும். சேற்று நிறத் தண்ணீரில் அது எப்படிப் பிழைக்கிறது என்பதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது, அறிவியல் பாடப் புத்தகம் செய்யாத வேலை நடந்துவிடுகிறது. இதற்கு இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருடத்தில் கண்மாய் காய்ந்துகிடக்கும், பறவையும் இருக்காது. அதனால் கிளம்புமுன் அந்தப் பக்கத்துச் சொந்தபந்தம் யாரிடமாவது தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கமுதி, முதுகுளத்தூரில் நமக்குச் சம்பந்தி வீடு இல்லாமலா போகும்.

பறவையிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசுத் தொழிலால் வாழும் மாவட்டத்துக்காரர்களான நாம், கண்மாய்க் கரையில் வேன் பாட்டுப் பெட்டியை அணைத்துவைத்தால் போதும்.

அங்கிருந்து ஏர்வாடி. தொழுகைக்குப் போகிறவர்கள் போகலாம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அருகிலுள்ள பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறை ஏற்பாடு செய்துள்ள படகுச் சவாரிக்குப் போகலாம். காற்றைப் பொறுத்தே படகு ஓடும். ஆகவே ராமநாதபுரத்திலுள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் திருப்புல்லாணி, இரவு ராமநாதபுரம்.

இரண்டாம் நாள் மண்டபத்தில் தொடங்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இருந்த ஊர் இது. அது பிறகு கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டபம் நிலையம் தொடர்கிறது. அங்கே மீன் காட்சியகமும் உண்டு. கடல் குழம்பிய நாளில் வந்தவர்களுக்கு அதுவே ஆறுதல். பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்தால் குந்துகால். விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் வந்து இறங்கிய கரை. குருசடைத் தீவுக்கு வனத்துறை மேற்பார்வையில் படகு கிளம்புவதும் இங்கிருந்துதான். அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் கால்வைக்கக் கூடாது. யாராவது தனிப் படகில் ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்று வந்தால் போகவே போகாதீர்கள்.

பிற்பகலில் தனுஷ்கோடி. கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீரில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். இந்தப் பகுதி 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கிட்டப்போய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டுச் சேற்றில் இறங்கினால் கூட்டமே எழுந்து பறந்துவிடும். பல ஆயிரம் கி.மீ. கடந்து ஓய்வெடுக்க வந்த பறவைகளும் அங்கே இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் நாள் தேவிபட்டினம் வழியாகக் காரங்காடு, மாலைக்குள் வீடு. மூன்று நாள் செலவு அதிகம் என்று தோன்றினால் முதல் நாளையும் இரண்டாம் நாளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் என்றால் கண்மாயும் ஏர்வாடியும் போதும். அறை வாடகையே இல்லை.

சாப்பாட்டில் நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளியோதரையும் துவையலும் முதல் நாளைத் தாங்கும். கூடவே ஆளுக்கொரு பாட்டில் என்று வாங்காமல், வீட்டுக் குடத்தண்ணீரை இருபது லிட்டர் கேன்களில் நிரப்பிக்கொண்டால் பணமும் மிச்சம், கடற்கரையில் பிளாஸ்டிக்கும் சேராது.

வேன் பேச வசதி இல்லாதவர்களுக்குப் பரமக்குடியிலிருந்து ராமேசுவரம் போகும் பயணிகள் ரயில் இருக்கிறது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டதால் பாலத்தின் மேலேயே கடலைப் பார்த்துக்கொண்டு தீவுக்குள் போகலாம். கட்டணத்தில் இதை மிஞ்சும் வழி எதுவும் இல்லை.

இந்தக் கடலும் தாங்காது

இத்தனை சொன்ன பிறகு ஓர் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் திரும்பினால் கொடைக்கானலுக்கு நேர்ந்தது இங்கேயும் நேரும். பவளம் கல் அல்ல, உயிர். முன்பு சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பாறை பாறையாக அதை வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி அருகே வான் தீவு கரைந்துகொண்டே போனதால் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்க வேண்டியிருந்தது. 2010-லும் 2016-லும் கோடையில் கடல் சூடேறி, பவளங்கள் வெளிறிப்போய்ப் பெருமளவு மடிந்தன.

ஆகவே, கடைகளில் பவளக்கல், கடற்குதிரை, காய்ந்த நட்சத்திர மீன் என்று எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள். பவளமும் கடற்குதிரையும் கடல் அட்டையும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

படகில் ஏறினால் உயிர்காப்பு உடுப்பைக் கட்டாயம் அணிய வேண்டும். குழந்தைகள் அளவுக்கு இல்லை என்றால் அந்தப் படகில் குழந்தையை ஏற்றவே கூடாது. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கும் ஆவலில் எல்லோரும் ஒரே பக்கம் திரளும்போது படகு எப்படிச் சாயும் என்பதை அந்தத் துயரம் காட்டியது. நீச்சல் தெரியாத நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போக வேண்டும்.

பூங்கா அமைந்ததால் இழந்தவர்களும் இருக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில், மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் தங்கள் தாய்மார்கள் போய்வந்த தீவுகளுக்குப் போக முடியாமல் தவிக்கிறார்கள். சுற்றுலாவால் வரும் வருமானம் அவர்கள் வீடுகளுக்குப் போய்ச் சேராவிட்டால் இந்தப் பூங்காவுக்கு உள்ளூரில் நண்பர்களே இருக்க மாட்டார்கள். நாம் கொடுக்கும் படகுக் கட்டணம், சாப்பாட்டுக் காசு எல்லாம் அந்த ஊர்க் குழுக்களின் கையில் போக வேண்டும். பெரிய விடுதிகளும் சொகுசுப் படகுகளும் இந்தக் கரைக்கு வேண்டவே வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியது

குடும்பங்கள் சிக்கனமாக இருந்தால் மட்டும் பயணம் மலிவாகிவிடாது. பேருந்தும் கழிப்பறையும் நிலையான கட்டணமும்தான் ஏழைக்குப் பயணத்தை எட்டவைக்கும்.

முதல் தேவை பேருந்து. அருப்புக்கோட்டையில் கிளம்பி திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன், பரமக்குடி வழியாக மண்டபம் வரை தொடர் விடுமுறை நாட்களில் மட்டும் ஒரு சிறப்புப் பேருந்து விடலாம். விருதுநகர் மாவட்டப் பேருந்துகள் மதுரை கோட்டத்தின் கீழ், ராமநாதபுரம் மாவட்டப் பேருந்துகள் கும்பகோணம் கோட்டத்தின் கீழ். இரு கோட்டங்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. கோயில் திருவிழாவுக்கு வருடந்தோறும் இதைச் செய்து பழகியவர்கள்தான் அவர்கள்.

அடுத்தது செய்தி. இன்று எந்தக் கரையில் படகு ஓடுகிறது, கட்டணம் என்ன, எத்தனை இடம் மீதி என்பதைத் தமிழில் சொல்லும் ஒரே தொலைபேசி எண் வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்யத் தெரியாதவரும் அதில் பெயர் கொடுக்க வழி இருக்க வேண்டும். ஏர்வாடியிலும் சேதுக்கரையிலும் மாரியூரிலும், எதிரே தெரியும் தீவின் பெயரையும் அங்கே வாழும் உயிரினங்களையும் படத்தோடு காட்டும் பெரிய பலகைகளை வனத்துறை வைக்கலாம். அமாவாசைக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பைக் கூட்டம் பெருகிய பிறகு நீதிமன்றம் போட வேண்டாம். இப்போதே வனத்துறை அறிவித்துவிடலாம். அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கை ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை, தூத்துக்குடி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்க வேண்டும். பள்ளிகளில் இருக்கும் தேசியப் பசுமைப் படை வழியாக இதை நடத்தினால் புதிதாக எந்த அமைப்பும் தேவைப்படாது.

தனுஷ்கோடி, குந்துகால், சித்திரங்குடி மூன்று இடங்களிலும் பெண்களுக்குச் சுத்தமான, தண்ணீர் வரும் கழிப்பறை உடனே வேண்டும். பல குடும்பங்களில் பாட்டியும் அம்மாவும் இப்படிப்பட்ட பயணத்துக்கு வரமாட்டேன் என்பதற்கு இதுவே காரணம். பராமரிப்பை உள்ளூர் மகளிர் குழுக்களிடம் சம்பளத்தோடு ஒப்படைக்கலாம்.

சரணாலயக் கண்மாய்களில் பறவை வந்திருக்கும் மாதங்களில் மட்டும், அந்தந்த ஊர் இளைஞர் இருவருக்குத் தொலைநோக்கியும் சிறு பயிற்சியும் கொடுத்து வழிகாட்டியாக அமர்த்தினால் பெரிய செலவு ஆகாது. விருதுநகர், ராமநாதபுரம் ஆட்சியர்கள் காலாண்டு விடுமுறை முடிந்ததும் போக்குவரத்துக் கழகத்தையும் வனத்துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால், வரும் பொங்கல் விடுமுறைக்கே முதல் பேருந்தை வீரசோழன் வழியாக ஓட்டிப் பார்த்துவிடலாம்.